காரீயம் நீங்கிய ஒளி



பத்தாண்டு நிறைவு காணும் ஓர் இலக்கிய வட்டத்தின் மேடையில் படிகங்களைப் பற்றியும் அவை உமிழும் ஒளியைப் பற்றியும் பேசுவது பொருத்தமா என்னும் வினா, இங்கு அமர்ந்திருப்போருள் சிலர் உள்ளத்திலேனும் எழக்கூடும். விடை தமிழ்ச் சொல் ஒன்றிலேயே இருக்கிறது. ‘ஒளி’ என்னும் சொல் பெயராக நிற்கும்போது வெளிச்சத்தைக் குறிக்கிறது. வினையடியாக நிற்கும்போது மறைதலைக் குறிக்கிறது. புலப்படுத்துவதற்கும் புலப்படாமற் போவதற்கும் ஒரே வடிவம். இவ்விரண்டும் ஒரு வேரிற் கிளைத்தவையா, இரு வேர்கள் வடிவத்தால் ஒன்றுபட்டவையா என்பதை வேர்ச்சொல் ஆய்வாளர் வழக்காடித் தீர்க்கட்டும். காரீயம் கலவாத பெரோவ்ஸ்கைட்டுகள் என்னும் புதிய படிகங்கள் வெண்ணிற ஒளியைத் தரும் முறையைக் காணும்போது, அச்சொல்லின் இரு பொருளும் ஒரே நிகழ்ச்சிக்குள் இணைந்து நிற்பது தெரியவருகிறது. அப்படிகத்துள் ஒன்று ஒளிந்துகொள்கிறது; ஒளிந்துகொண்டதனாலேயே ஒளிர்கிறது.

அகல், நெய், திரி, சுடர் என்று விளக்கைப் பகுத்துக் காண்பது தமிழர் பழக்கம். எரிகின்ற பொருள் வேறு, எரியாமலே ஒளிர்கின்ற பொருள் வேறு என்பதைத் தமிழ்நாட்டுத் திருமண வீடுகளும் நாடகக் கொட்டகைகளும் கண்ணாரக் கண்டது பெட்ரோமாக்ஸ் விளக்கு வந்த பின்னர் எனலாம். ‘மேண்டில்’ என்று மக்கள் வழங்கிய அந்த வெள்ளை வலை எரிவதில்லை. மண்ணெண்ணெய்ச் சுடரில் சூடேறி ஒளிர்வது. ஆஸ்திரிய நாட்டு வேதியியலாளர் கார்ல் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக் 1891ஆம் ஆண்டில் இவ்வலைக்குக் கண்ட கலவையில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு தோரியம் ஆக்சைடு. ஒரே ஒரு பங்கு சீரியம் ஆக்சைடு. அந்த ஒரு பங்கை நீக்கிவிட்டால் வலை மங்கிப்போகும். தோரியத்தைத் தேடிய ஐரோப்பியர் பார்வை திருவிதாங்கூர்க் கடற்கரையில் விழுந்தது. 1909ஆம் ஆண்டில் ஷோம்பெர்க் என்னும் ஜெர்மானியர் அங்குள்ள மணலில் மோனசைட்டு இருப்பதைக் கண்டறிந்தார். இன்று குமரி மாவட்டத்தில் உள்ள மணவாளக்குறிச்சியின் மணல், ஐரோப்பிய விளக்குகளுக்காகக் கப்பலேறியது. தோரியமோ கதிரியக்கம் உடையது. விளக்கு ஓரிடத்தில் எரிய, அதன் விலையை வேறோரிடம் செலுத்துவது அன்றே தொடங்கிவிட்டது.

அந்தச் சீரியம் இன்றும் வீடுகளை விட்டுப் போய்விடவில்லை. வெண்ணொளி தரும் எல்.இ.டி. விளக்கின் உள்ளே உண்மையில் இருப்பது நீல ஒளி தரும் சில்லு. நீல ஒளியைத் திறம்படத் தரும் சில்லை ஆக்கியமைக்காக அகாசாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூவருக்கும் 2014ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. சில்லின்மேல் பூசப்பட்ட மஞ்சள் நிறப் பொடியில் சீரியம் சிறிதளவு கலந்திருக்கிறது. நீல ஒளியின் ஒரு பகுதியை அப்பொடி விழுங்கி மஞ்சளாக உமிழ்கிறது. எஞ்சிய நீலமும் மஞ்சளும் கலந்து கண்ணுக்கு வெண்மையாகத் தோன்றுகின்றன. மின்சாரத்தைச் சிக்கனப்படுத்துவதில் இதற்கு இணையான விளக்கு முன்பு இருந்ததில்லை. எனினும் அந்த வெண்மை ஒருவகை உடன்படிக்கையே. நீலம் ஓங்கியிருக்கும்; சிவப்பு குறைந்திருக்கும். மலிவான எல்.இ.டி.யின் கீழே குங்குமம் மங்கித் தெரிவதும், பட்டுப் புடவையை வாசலுக்கு எடுத்துச் சென்று பகலொளியில் பார்க்க வேண்டியிருப்பதும் இதனால்தான். பல பொடிகளைக் கலந்து இக்குறையைச் சரிசெய்ய இயலும். ஆயின் வெவ்வேறு பொடிகள் வெவ்வேறு வேகத்தில் மூப்படைவதால் விளக்கின் நிறம் நாளடைவில் திரிந்துவிடும். ஆகவே, நீலம் முதல் சிவப்பு வரையிலான நிறங்கள் முழுவதையும் ஒருங்கே உமிழும் ஒற்றைப் பொருள் ஒன்று கிடைக்குமா என்பது விளக்குக் கலைஞரின் நெடுநாளைய தேட்டமாயிற்று. இத்தேட்டத்தின் வழியில்தான் பெரோவ்ஸ்கைட்டு எதிர்ப்படுகிறது.

உச்சரிக்க அரிதாகத் தோன்றும் இப்பெயர் ஒரு மனிதருடையது. 1839ஆம் ஆண்டில் ரஷ்யாவின் யூரல் மலையில் கிடைத்த கனிமம் ஒன்றை ஆராய்ந்த குஸ்தாவ் ரோசே என்னும் ஜெர்மானிய அறிஞர், கனிமங்களில் நாட்டம் மிக்க லெவ் பெரோவ்ஸ்கி என்னும் ரஷ்யப் பெருமகனின் பெயரை அதற்குச் சூட்டினார். அது கால்சியம், டைட்டானியம், ஆக்சிஜன் ஆகியவற்றால் ஆனது. பின்னாளில் அப்பெயர் ஒரு கனிமத்தை விட்டு ஓர் அமைப்பைக் குறிக்கலாயிற்று. நடுவில் ஓர் உலோக அணு. அதனைச் சூழ மேலும் கீழும் நாற்புறமுமாக ஆறு அணுக்கள். இவ்வாறு எட்டு முகங்கள் கொண்ட எண்முகி ஒன்று உருவாகிறது. இத்தகைய எண்முகிகள் முனையோடு முனை தொட்டுத் தொடர, இடைப்பட்ட குழிகளில் பெரிய அணுக்கள் அமர்கின்றன. புள்ளியும் கோடும் மாறாமல் பொடியின் நிறத்தை மட்டும் மாற்றிக்கொள்ளும் கோலத்தைப் போல, இந்த அமைப்பு தன் வடிவை இழக்காமல் எத்தனையோ தனிமங்களை ஏற்றுக்கொள்கிறது. 1958ஆம் ஆண்டில் டென்மார்க்கு நாட்டுக் கிறிஸ்டியன் மோலர், சீசியம், காரீயம், உப்பீனி ஆகியவை கூடிய சேர்மங்களிலும் இதே கோலம் இருப்பதைக் காட்டினார். குளோரின், புரோமின், அயோடின் ஆகிய மூன்றையும் உப்பீனி என்னும் பொதுப்பெயரால் சுட்டுவர்.

அரை நூற்றாண்டு அச்செய்தி ஏடுகளில் உறங்கியது. 2009ஆம் ஆண்டில் ஜப்பானின் மியாசாகா குழுவினர் இக்குடும்பத்துப் படிகத்தைக் கொண்டு கதிரொளியிலிருந்து மின்சாரம் எடுத்தனர். கிடைத்த திறன் நூற்றுக்கு 3.8 மட்டுமே. ஆயினும் உலகம் விழித்துக்கொண்டது. ஒளியை மின்னாக்கும் பொருள் மின்னை ஒளியாக்கவும் வல்லதாகுமன்றோ? 2014ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் முதலானோர் அறை வெப்பத்திலேயே பளிச்சென ஒளிரும் பெரோவ்ஸ்கைட்டு விளக்கைக் காட்டினர். 2015ஆம் ஆண்டில் சூரிச் நகரின் கோவலென்கோ குழுவினர் சீசியம், காரீயம், உப்பீனி சேர்ந்த நுண்படிகங்களை ஆக்கினர். குளோரினிலிருந்து புரோமினுக்கும் புரோமினிலிருந்து அயோடினுக்கும் மாறிச் செல்லச் செல்ல, ஊதாவிலிருந்து சிவப்பு வரை வேண்டிய நிறத்தில் அவை ஒளிர்ந்தன. ஒவ்வொரு நிறமும் மெல்லிய கோடு போலத் தூய்மையானது. வாங்கிய ஒளியில் நூற்றுக்குத் தொண்ணூறு வரை திருப்பித் தந்த நுண்படிகங்களும் அவற்றுள் இருந்தன. படிகத்தில் ஆங்காங்கே குறை நேர்ந்தாலும் ஒளி அதனால் வீணாகிவிடாத தாராளம் இக்குடும்பத்தின் தனிச்சிறப்பு. அத்தாராளத்தைத் தந்த உலோகம் காரீயம்.

இங்கேதான் மகிழ்ச்சி தடைப்படுகிறது. காரீயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் குலைக்கும் நஞ்சு. குருதியில் இவ்வளவு வரை இருக்கலாம் என்று தீங்கற்ற அளவு எதனையும் வரையறுக்க இயலாது என்பது உலக நலவாழ்வு அமைப்பின் நிலைப்பாடு. 1921ஆம் ஆண்டில் பெட்ரோலில் காரீயத்தைக் கலக்கும் முறை கண்டறியப்பட்டது. அத்தகைய பெட்ரோல் உலகச் சாலைகளை விட்டு முற்றிலும் நீங்கியது 2021ஆம் ஆண்டில். இந்தியா 2000ஆம் ஆண்டில் அதனைக் கைவிட்டது. ஒரு தவறான வசதியைத் திரும்பப் பெற மனிதகுலத்துக்கு நூறாண்டு தேவைப்பட்டிருக்கிறது. பெரோவ்ஸ்கைட்டில் உள்ள காரீயம் நீர் பட்டாற் பிரியும் உப்பு வடிவில் இருப்பது மேலும் ஒரு கவலை. 2020ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், இப்படிகத்திலிருந்து கசியும் காரீயம் மற்ற வடிவிலான காரீயத்தைவிடப் பத்து மடங்கு எளிதாகச் செடிகளுக்குள் ஏறுவது தெரியவந்தது. ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது புதினாச் செடி.

எதிர்வழக்கும் உண்டு, அதனைக் கேளாமல் தீர்ப்புச் சொல்வது முறையாகாது. அரை மைக்ரோமீட்டர் தடிமனில் ஒரு சதுர மீட்டர் பரப்புக்குப் பூசினாலும் அதில் அடங்கும் காரீயம் ஏறத்தாழ ஒரு கிராமுக்குள்தான் இருக்கும். ஒரு மோட்டார் வண்டியின் மின்கலத்தில் கிலோக் கணக்கில் இருக்கிறதே என்பர். கணக்கு சரியானதே. ஆனால் பழைய மின்கலத்துக்கு விலை உண்டு. அதனைக் குப்பையில் எறிவார் இல்லை. பழுதான விளக்குக்கு யார் காசு தருவார்? அது குப்பைத் தொட்டிக்குப் போகும், உடையும், மழையில் நனையும், குப்பை பொறுக்கும் பிள்ளைகளின் கைக்கு வரும். திரைக்கும் கருவிக்கும் சொல்லும் சமாதானத்தை விளக்குக்குச் சொல்ல இயலாமைக்கு இதுவே காரணம். ஐரோப்பிய ஒன்றியம் 2006ஆம் ஆண்டு முதல் மின்பொருள்களின் ஒவ்வொரு சீரான பகுதியிலும் காரீயம் எடையில் நூற்றுக்கு 0.1 பங்கை மிஞ்சலாகாது என்று பொதுவரம்பு கட்டியது. இந்தியாவின் 2011ஆம் ஆண்டு மின்கழிவு விதிகளும் அதே அளவையே கொண்டன. சீசியம், காரீயம், புரோமின் சேர்ந்த படிகத்திலோ எடையில் நூற்றுக்கு முப்பத்தைந்து பங்குக்கும் மேல் காரீயம்.

தமிழில் இதைப் பேசும்போது ஒரு சொற்சிக்கலையும் தீர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. காரீயம், வெள்ளீயம் என்று இரண்டையும் ஒரு குடும்பத்து உறவாகக் கண்டு பெயரிட்டிருக்கிறது தமிழ். உரோமானியரும் இலத்தீனில் கருப்பு, வெள்ளை என்னும் அடைகளைக் கொண்டே இவற்றை வேறுபடுத்தினர். இன்றைய தனிம அட்டவணையில் இவ்விரண்டும் ஒரே நெடுவரிசையில் மேலும் கீழுமாக அமர்ந்திருக்கின்றன. பெயரிட்டவர்கள் அட்டவணை அறியாதவர்கள்; உருகும் இயல்பும் வளையும் இயல்பும் கண்டு பெயரிட்டவர்கள். ஆனால் பேச்சுவழக்கில் அடைமொழி உதிர்ந்து ‘ஈயம்’ மட்டும் எஞ்சியது. ரசம் வைக்கும் ஈயச் சொம்பில் இருக்க வேண்டியது வெள்ளீயம். பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுவதும் வெள்ளீயமே. செய்தித்தாள்கள் ‘ஈய நஞ்சு’ என்று எழுதுவதோ காரீயத்தை. இந்த மயக்கத்தால் காரீயம் கலந்த சொம்பை நல்ல சொம்பென்று நம்பி வாங்குவாரும் உண்டு. நல்ல சொம்பை நஞ்சென்று ஒதுக்குவாரும் உண்டு. ‘ஈயமற்ற பெரோவ்ஸ்கைட்டு’ என்று மொழிபெயர்ப்பதும் அதே குழியில் விழுவதாகும். காரீயத்துக்கு மாற்றாக அறிவியலாளர் முதலில் நாடியது வெள்ளீயத்தையே ஆதலின், ஈயமற்றது என்று எழுதிய படிகத்தில் ஈயம் இருக்கும்! ‘காரீயம் நீங்கிய’, ‘காரீயமற்ற’ என்று ஓரெழுத்தும் குறையாமல் எழுதுவதே தகும்.

உடன்பிறப்பைக் கொண்டு இடத்தை நிரப்பும் அம்முயற்சி எதிர்பார்த்தபடி அமையவில்லை. வெள்ளீயம் காரீயத்தின் இருக்கையில் அழகாகப் பொருந்தியது. ஆனால் காற்றுப் பட்டதும் மேலும் இரண்டு எதிர்மின்னிகளை இழந்து வேறு நிலைக்கு மாறிற்று. படிகமும் உடன் கெட்டது. அடுப்படியில் பல்லாண்டு பளபளக்கும் வெள்ளீயம் இங்கே நிலைகொள்ளாமற் போனது விந்தையாகத் தோன்றலாம். பாத்திரத்தில் அது உலோகம். தன் மேற்பரப்பில் மெல்லிய ஆக்சைடுப் படலத்தைப் போர்த்துத் தன்னைக் காத்துக்கொள்கிறது. படிகத்தில் அது அயனி, போர்வை இல்லை. அன்றியும் வெள்ளீயம் என்றதும் தீங்கற்றது என முடிவு செய்வதும் பிழை. 2016ஆம் ஆண்டில் வரிக்குதிரை மீன் எனப்படும் சிறுமீன்களைக் கொண்டு நடந்த ஆய்வில், வெள்ளீய அயோடைடு நீரைக் கடுமையாகப் புளிப்பேற்றி மீன்களுக்குக் கேடு விளைத்தது காணப்பட்டது.

அடுத்த வழி கணக்கின் வழி. காரீய அயனி இரண்டு நேர்மின்னேற்றம் உடையது. இரண்டு காரீய அயனிகளை எடுத்துவிட்டு, ஒன்று உடைய அயனி ஒன்றையும் மூன்று உடைய அயனி ஒன்றையும் வைத்தால் மொத்தக் கணக்கு மாறாது. இரண்டும் இரண்டும் நான்கு. ஒன்றும் மூன்றும் நான்கு. இப்படி இருவகை எண்முகிகள் மாறி மாறி வரும் படிகத்துக்கு இரட்டைப் பெரோவ்ஸ்கைட்டு என்று பெயர். 2016ஆம் ஆண்டில் சீசியம், வெள்ளி, பிஸ்மத், புரோமின் சேர்ந்த இரட்டைப் படிகத்தை மூன்று குழுக்கள் ஏறத்தாழ ஒரே காலத்தில் அறிவித்தன. அவற்றுள் ஒன்று, இலங்கையில் பிறந்து அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் ஹேமமாலா கருணாதாச அவர்களின் குழு. வெண்ணொளியின் கதையிலும் இவருக்கு முன்னரே இடம் உண்டு. 2014ஆம் ஆண்டில், அடுக்கடுக்காக அமைந்த பெரோவ்ஸ்கைட்டு ஒன்று வேறெந்தப் பொடியின் துணையும் இன்றித் தானே வெண்ணிறமாக ஒளிர்வதை இவர் குழுவினர் காட்டியிருந்தனர். அதில் காரீயம் இருந்தது. ஆயினும் ஒற்றைப் பொருளிலிருந்து வெண்மை கிடைக்கும் என்பது அங்கே உறுதிப்பட்டது.

வெண்மை எவ்வாறு கிடைக்கிறது? ஒளியையோ மின்னையோ பெற்ற படிகத்தில் எதிர்மின்னி ஒன்று தன் இருக்கையை விட்டு மேலே எழுகிறது. அது விட்டுவந்த வெற்றிடம் துளை எனப்படும். எதிர்மின்னியும் துளையும் ஒன்றையொன்று ஈர்த்து இணையாக உலவுகின்றன. கெட்டியான படிகத்தில் இந்த இணை தடையின்றித் திரிந்து, பின் ஒன்றுகூடி, ஒரே நிறத்தில் ஒளியாக முடியும். மென்மையான படிகத்திலோ நடப்பது வேறு. கயிற்றுக் கட்டிலில் அமர்ந்தவரின் கீழே கயிறு தொய்ந்து குழிவிழுவதைப் போல, இணை தங்கிய இடத்தில் அணுக்கள் இடம் பெயர்ந்து வளைகின்றன. அக்குழியில் இணை தானே அகப்பட்டுக்கொள்கிறது. அங்கே முன்பே குழி எதுவும் இல்லை. இணை வந்ததனால் உண்டான குழி அது. இணை மறைந்ததும் மறைந்துவிடும். எதிர்மின்னி இவ்வாறு தன்னைத் தானே சிறைப்படுத்திக்கொள்ளக்கூடும் என்று ரஷ்ய இயற்பியலாளர் லாண்டாவ் 1933ஆம் ஆண்டிலேயே எழுதினார். சிறைப்பட்ட இணை ஒளியாக முடியும்போது, சுற்றியுள்ள அணுக்கள் அதிர்ந்துகொண்டே இருப்பதால், ஒரு கணத்தில் மஞ்சளாகவும் ஒரு கணத்தில் சிவப்பாகவும் ஒரு கணத்தில் நீலம் கலந்த பச்சையாகவும் ஆற்றல் வெளிப்படுகிறது. கோடி கோடி இணைகள் ஒருங்கே ஒளிர, அகன்ற நிறமாலை உண்டாகிக் கண்ணுக்கு வெண்மை ஆகிறது.

இந்நிலைக்குத் தமிழில் இன்னும் நிலைத்த பெயர் இல்லை. ‘தன்பொறிப்பட்ட கிளர்துகள்’ என்று சொல்லுக்குச் சொல் வைத்தால் இலக்கணப் பிழை இராது, உயிரும் இராது. சித்திரகவியில் ஒரு பாட்டினுள் வேறொரு பாட்டு மறைந்து தங்குவதைக் கரந்துறைப்பாட்டு என்பர். கண்ணுக்குப் புலப்படாத இராகு கேதுக்களைக் கரந்துறை கோள்கள் என்பர். அவ்வழியில் இதனைக் ‘கரந்துறை இணை’ எனலாம். ஏற்பதும் மறுப்பதும் இங்குள்ள கவிஞர்களின் உரிமை; இதனினும் சிறந்த சொல் அவர்களிடம் கிடைத்தால் இயற்பியல் மாணவர் நன்றி பாராட்டுவர்.

இனி, காரீயம் நீங்கிய வெண்ணொளிக்கு வருவோம். 2017ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டு ஆய்வாளர் சீசியம், வெள்ளி, இண்டியம், குளோரின் சேர்ந்த இரட்டைப் படிகத்தை அறிவித்தனர். கரந்துறை இணை அதில் எளிதில் உண்டாகிறது. அகன்ற ஒளியும் தோன்றுகிறது. ஆனால் எவ்வளவு? வாங்கிய ஆயிரம் ஒளித்துகள்களுக்கு ஒன்றுகூடத் திரும்புவதில்லை. காரணம் வியப்புக்குரியது. படிகம் குறைபட்டதனால் அன்று. மிகவும் செம்மையாக இருந்ததனால். வெள்ளி அணுவைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒத்த சமச்சீர் நிலவுகிறது. எதிர்மின்னியின் நிலையும் துளையின் நிலையும் அச்சமச்சீரில் ஒரே வகையைச் சேர்ந்தவை. ஒரே வகையினவாகிய இரண்டு கூடி ஒளியாக முடிவதற்கு இயற்பியல் விதி இசைவதில்லை. இணை காத்திருந்து, முடிவில் வெப்பமாகக் கரைந்துபோகிறது.

2018ஆம் ஆண்டில் சீனாவின் வூஹான் நகரில், ஹுவாஜோங் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஜியாங் டாங் குழுவினர் இத்தடையை நீக்கினர். நூறு வெள்ளி அணுக்களில் நாற்பதை எடுத்துவிட்டு அங்கே சோடியத்தை வைத்தனர். சோடியம், சமையல் உப்பில் இருக்கும் அதே சோடியம், ஒளிர்வதில் நேரடிப் பங்கு எதனையும் ஏற்பதில்லை. வெள்ளி எண்முகிகளுக்கு நடுவே வேலிபோல நிற்கிறது. எதிர்மின்னி அதற்குள் ஊடுருவ இயலாமல் வெள்ளியைச் சுற்றியே ஒடுங்குகிறது. ஒடுங்கும்போது அதன் பரவலின் சமச்சீர் சிறிது குலைகிறது. விதியின் விலக்கு தளர்கிறது. தமிழ் இலக்கணத்தில் இதற்கு ஒரு பெயர் உண்டு: வழுவமைதி. இதன்மேல் பத்தாயிரத்தில் நான்கு பங்கு பிஸ்மத்தும் சேர்க்கப்பட்டது. அது படிகத்தின் குறைகளைக் குறைத்து, இணை நிலையாகத் தங்குவதற்குத் துணைநின்றது. முடிவில் வாங்கிய நூறு ஒளித்துகள்களுக்கு எண்பத்தாறு திரும்பி வந்தன. அளவீட்டில் ஐந்து கூடக் குறைய இருக்கலாம் என்று அவர்களே குறித்தனர். ஊதா விளிம்பாகிய 400 நானோமீட்டரிலிருந்து சிவப்பின் கடைகோடியையும் கடந்து 800 நானோமீட்டர் வரை அந்த ஒளி பரவியது. மாலை வெயிலை ஒத்த இளஞ்சூட்டு வெண்மை. சோடியத்தை மேலும் மிகுத்துப் பார்த்தபோது ஒளி மீண்டும் குறைந்தது. வழுவுக்கும் அளவு வேண்டும் போலும்.

அப்பொடியைப் புறஊதாச் சில்லின்மேல் இட்டு ஆக்கிய விளக்கு, பிசின் உறை எதுவும் இன்றித் திறந்த காற்றில் 1,000 மணி நேரத்துக்கும் மேலாகப் பெரிதும் குன்றாமல் எரிந்தது. நீர் பட்டாற் கெடும், காற்றுப் பட்டாற் கெடும் என்று பெயரெடுத்த குடும்பத்தில் இது சிறிய செய்தி அன்று.

இதே காலத்தில் வேறு பல படிகங்களும் வந்தன. அவை பெரும்பாலும் பெரோவ்ஸ்கைட்டின் தூரத்து உறவுகள். சில அந்த உறவும் இல்லாதவை. புகழ்பெற்ற குடும்பத்தின் பெயரை ஒட்டிக்கொள்ளும் வழக்கம் அறிவியலிலும் உண்டு. ஜப்பானின் ஹொசோனோ குழுவினர் 2018ஆம் ஆண்டில் அறிவித்த சீசியம், செம்பு, அயோடின் சேர்ந்த சேர்மம் அத்தகையது. அதன் அகத்தே எண்முகிகளின் தொடர்ச்சி இல்லை. செம்பும் அயோடினும் தனித்தனித் தீவுகளாக நிற்கின்றன. ஆயினும் அதன் ஒற்றைப் படிகம் 445 நானோமீட்டரை நடுவாகக் கொண்ட நீல ஒளியில் நூற்றுக்குத் தொண்ணூறு அளவில் திருப்பித் தருகிறது. வெள்ளீயத்துக்கும் ஒரு மறுவாழ்வு கிடைத்தது. அதன் எண்முகிகளை ஒன்றோடொன்று தொடாதபடி கரிம மூலக்கூறுகளால் தனித்தனியே பொதிந்து வைத்தபோது, காற்றின் கேடு குறைந்து மஞ்சள் ஒளி ஏறத்தாழ முழு அளவில் வெளிப்பட்டது. தொடர்ந்து நின்றபோது கெட்டது, தனித்து நின்றபோது ஒளிர்ந்தது.

இவையனைத்தையும் ஒருங்கே வைத்துப் பார்க்கையில் ஒன்று தெளிவாகிறது. காரீயத்தைப் போலவே ஒளிர வேண்டும் என்று முயன்றவரை மாற்றுப் பொருள்கள் காரீயத்தின் மங்கலான நிழல்களாகவே இருந்தன. காரீயத்தின் வரம் கோடு போன்ற தூய நிறம். திரைக்கு அது வேண்டும். காரீயம் நீங்கிய படிகங்களின் வரம் பரந்து விரிந்த மென்மையான வெண்மை. வீட்டுக்கு அதுவே வேண்டும். இன்னொருவர் இருக்கையைக் கேட்பதை நிறுத்திய பின்னர்தான் இவற்றின் தகுதி வெளிப்பட்டது.

எனினும், விலை எதுவும் இல்லை என்று சொன்னால் அது உண்மையாகாது. கயிற்றுக் கட்டில் குழிவதற்கும் ஆற்றல் வேண்டும். ஏறத்தாழ 365 நானோமீட்டர் புறஊதாவை வாங்கி 560 நானோமீட்டர் மஞ்சளை நடுவாகக் கொண்டு உமிழும்போது, ஒவ்வோர் ஒளித்துகளும் தன் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கை வெப்பமாகச் செலுத்திவிட்டே வெளியேறுகிறது. நீலச் சில்லும் மஞ்சள் பொடியும் கொண்ட இன்றைய விளக்கில் இந்த இழப்பு ஐந்தில் ஒரு பங்கு அளவே. நூற்றுக்கு எண்பத்தாறு என்னும் எண்ணைப் புகழ்வோர் இந்தக் கணக்கையும் உடன் சொல்ல வேண்டும். வெள்ளியின் விலை நகைக்கடைக்குச் செல்லும் எவரும் அறிந்தது. இண்டியம் அதனினும் சிக்கலானது. தனக்கென்று பெரிய சுரங்கம் இல்லாமல் துத்தநாகத்தின் உடன்விளைவாகவே பெரும்பாலும் கிடைப்பது. தொலைக்காட்சி, கைப்பேசி முதலியவற்றின் திரைகள் முன்னரே அதற்காகப் போட்டியிடுகின்றன. நஞ்சு நீங்கியது, அருமை சேர்ந்துகொண்டது. அண்டை வீட்டில் இருந்தும் கேடு குறைந்த பிஸ்மத்தைப் பற்றி இவ்வளவு அச்சம் வேண்டியதில்லை. தனிம அட்டவணையில் காரீயம் 82, பிஸ்மத் 83. ஓர் எண்ணின் இடைவெளியில் ஒன்று நஞ்சாகவும் மற்றொன்று வயிற்றுக்கோளாறு மருந்தின் உறுப்பாகவும் நிற்பது இயற்கையின் விசித்திரங்களுள் ஒன்று.

இவையெல்லாவற்றினும் பெரிய சிக்கல் மின்சாரத்தில் இருக்கிறது. மேலே கூறிய விளக்கில் படிகம் தானே மின்னைப் பெற்று ஒளிரவில்லை. கீழேயுள்ள புறஊதாச் சில்லு ஒளியைத் தர, மேலேயுள்ள பொடி அதனை நிறம் மாற்றித் தந்தது. பெட்ரோமாக்ஸில் சுடருக்கு மேலே மேண்டில் இருந்த அதே ஏற்பாடு. படிகத்துக்குள் நேரடியாக மின்னைச் செலுத்தி ஒளி பெற்றால் இடையில் நேரும் இழப்பு குறையும். ஆனால் மின்சாரம் என்பது எதிர்மின்னிகளும் துளைகளும் ஓடுவதே. எந்தப் படிகம் இணையை ஓடவிடாமல் ஓரிடத்தில் ஒடுக்கி ஒளிரச் செய்கிறதோ, அந்தப் படிகமே எதிர்மின்னியின் ஓட்டத்துக்கும் தடையாகிறது. ஒளிந்ததனால் ஒளிர்ந்தது, ஒளிந்ததனாலேயே மின்னோட்டத்துக்கு இணங்க மறுக்கிறது. வூஹான் குழுவினர் தம் படிகத்தை நேரடியாக மின்னால் ஒளிரச் செய்தும் காட்டினர். அந்த ஒளி பொடிவிளக்கின் ஒளிக்கு அருகிலும் வரவில்லை. ஓடுவதற்கு ஒரு பொருளையும் தங்குவதற்கு ஒரு பொருளையும் அடுத்தடுத்த படலங்களாக வைத்து, ஓடிவந்த எதிர்மின்னியையும் துளையையும் தங்குமிடத்தில் சந்திக்க வைக்கும் முயற்சிகள் செம்புப் படிகங்களிலும் இரட்டைப் படிகங்களிலும் நடந்துவருகின்றன. அதுவரை, காரீயம் நீங்கிய வெண்ணொளி பொடியாகவே சில்லின்மேல் அமர்ந்திருக்கும்.